ஏழு பொத்தான் சட்டை

தெருவில் மாஸ்டர் என்றால் அவர் ஒருவர்தான். முப்பது வருடம் சட்டைக் கம்பெனியில் துணி வெட்டிய கட்டிங் மாஸ்டர். போன வருடம் நரம்பில் வந்த நோய் இரண்டு கை விரல்களையும் வாங்கிக்கொண்டது. விரல் பத்தும் இருக்கின்றன. ஒன்றும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. தண்ணீர்கூட மனைவி பிடித்துக் கொடுத்தால்தான்.

உதவித்தொகைக்கு எழுதிப் போட்டார்கள். அதிகாரி ஒருவர் கூப்பிட்டுப் பார்த்தார். கிடையாது என்று கடிதம் வந்தது. மேல்முறையீட்டு விசாரணை நாளைக் காலை பத்து மணிக்கு. அங்கேயும் கைவிரித்தால் மனைவி திங்கட்கிழமையே கம்பெனி ஷிப்டுக்குப் போயாக வேண்டும். அப்புறம் பகல் முழுக்க அந்த மனுஷனுக்கு யார் இருக்கிறார்கள், சொல்லுங்கள்!

மகள் லீவு போட்டுவிட்டு வந்து, காகிதங்களைப் பரப்பி உட்கார்ந்திருந்தாள்.

"இன்னொரு தடவை படிம்மா."

"எத்தனை தடவைப்பா? எனக்கு மனப்பாடமே ஆயிடுச்சு." ஆனாலும் படித்தாள். "'மனுதாரர் ஏழு பொத்தான்களும் நேர்த்தியாகப் போட்ட சட்டையில் வந்தார். எனவே விரல்கள் போதிய அளவு இயங்குகின்றன.'"

"யார் போட்டு விட்டாங்கன்னு ஒரு வார்த்தை கேட்டானா, பாவி?" என்றாள் மனைவி அடுப்படியிலிருந்து.

அந்தச் சட்டையில் யாரும் பொத்தான் போடவே இல்லை என்பதுதான் கூத்து. முன்பட்டிக்கு உள்ளே வெல்க்ரோ. அழுத்தினால் ஒட்டும், இழுத்தால் பிரியும். மேலே தெரிந்த ஏழும் சும்மா அழகுக்குத் தைத்தவை. "பார்க்கிறவனுக்கு ஒரு நூல்கூடத் தெரியக் கூடாது" என்று பக்கத்தில் நின்று மனைவியிடம் வேலை வாங்கியவர் மாஸ்டரேதான். மூன்று தடவை பிரித்துத் தைத்தாள். கடைசியில் யாருக்குமே தெரியவில்லை, அந்த அதிகாரி உட்பட. கெட்டிக்காரத்தனம் தலையில் வந்து விடிந்தது.

"நாளைக்கு அவங்க முன்னாடி அதை டர்ருன்னு பிரிச்சுக் காட்டிடுப்பா."

"மாரைத் திறந்து காட்டவா? நான் என்ன வித்தை காட்டுறவனா?"

"வாயால சொன்னா நம்புவாங்களா?"

"எப்படி நம்புவான்? மனுஷன் சொன்னா நம்ப மாட்டான், சட்டை சொன்னா நம்புறான்!"

மனைவி பழைய சட்டை ஒன்றைக் கொண்டுவந்து அவருக்கு மாட்டிவிட்டாள். நிஜப் பொத்தான், அது நுழைய நிஜக் காஜா. "கத்தினது போதும். இதைப் போட்டுப் பாருங்க. எவ்வளவு நேரம் ஆகுதுன்னு அவ எழுதிக்கட்டும்."

மாஸ்டர் ஆரம்பித்தார். பொத்தான் விரலுக்குள் வந்தால் காஜா நழுவியது. காஜா வந்தால் பொத்தான் நழுவியது. நெற்றி வேர்த்தது. பொறுக்காமல் மனைவியின் கை நீண்டது.

"தொடாதேடி!"

பதினோராவது நிமிடம், ஒரு பொத்தான் உள்ளே போய்விட்டது.

மூன்று பேரும் அதையே பார்த்தார்கள். ஒரு வருடமாக நடக்காதது. மனைவியின் முகம் மலர்ந்தது. நாளைக்கு விசாரணை என்று ஞாபகம் வந்ததும் வாடியது.

"அட சண்டாளக் கையே!" என்றார் மாஸ்டர். "ஒரு வருஷமா கெஞ்சினேன். உனக்கு இன்னைக்குத்தான் நேரம் கிடைச்சுதா?"

"இதை வெளியில சொல்லவே வேண்டாம்ப்பா. அப்பீல் ஃபாரத்துல ரெண்டே கட்டம்தான் இருக்கு, முடியும், முடியாதுன்னு. நாம முடியாதுல டிக் அடிச்சிருக்கோம்."

மனைவி குனிந்து பார்த்தாள். "ஏங்க, காஜா மாறிப்போச்சே. மூணாவது பட்டன் நாலாவதுல இருக்கு."

ஆமாம். சட்டை ஒரு பக்கம் ஏறி, மறுபக்கம் இறங்கிக் கோணிக்கொண்டிருந்தது. கம்பெனியில் இப்படி ஒரு சட்டை கண்ணில் பட்டிருந்தால் மாஸ்டர் அதைத் தூக்கி முகத்தில் எறிந்திருப்பார். சிரிக்க வாயெடுத்தவர் "ஐயோ" என்றார். விரல்கள் மடங்கி, கை முஷ்டியாக இறுகிவிட்டது. மனைவி வெந்நீரில் வைத்து ஒவ்வொரு விரலாக நீவினாள். சாயங்காலம்வரை விரியவில்லை.

"எழுதும்மா," என்றார். "பதினோரு நிமிஷம். ஒரு பட்டன், அதுவும் தப்பான காஜாவுல. அப்புறம் நாலு மணி நேரம் கை விரியலை."

"பட்டன் போட்டதையுமா?"

"அதையும்தான். வெட்டும்போது அரை அங்குலம் ஏமாத்தினா, தைச்சப்புறம் மொத்தமும் கோணும்."

"அதைப் பிடிச்சுக்கிட்டு மறுபடியும் இல்லைன்னுட்டா?"

"ஒரு பட்டனுக்கு இல்லைன்னா, மீதி ஆறுக்கு அவனே வந்து போட்டுவிடட்டும்!" என்றாள் மனைவி.

"கட்டத்துல இவ்வளவுக்கு இடமில்லையேப்பா."

"ஓரத்துல எழுது. ஓரம் பத்தலைன்னா பின்பக்கம் எழுது. நாளைக்கு இந்தச் சட்டையோடதான் வரப்போறேன்."

"இப்படிக் கோணலாவா?"

"கோணலாத்தான். உள்ளே பனியன் இருக்கில்ல."

மகள் எழுத ஆரம்பித்தாள். படுக்கும் முன் சட்டையைக் கழற்ற மனைவி பொத்தானில் கை வைத்தாள்.

"அதை விடு," என்றார் மாஸ்டர். "அது நான் போட்டது."

அவள் பொத்தானைத் தொடாமல் சட்டையைத் தலைவழியே உருவி, கசங்காமல் ஆணியில் மாட்டினாள்.