கொன்றைக்குப் போட்ட வேஷம்

ஓசி என்றால் பினாயிலைக்கூடக் குடிக்கிற ஊர்தான். ஆனால் கம்ப்யூட்டருக்குள் போடுகிற சமாச்சாரம் ஓசி என்றால் மட்டும் எல்லோருக்கும் சந்தேகம் வந்துவிடும். பாலக்கரையில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்த ரிஃபானாவுக்கு இந்தச் சந்தேகத்தோடு மல்லுக்கட்டியே தொண்டை கட்டிப்போயிருந்தது.

கம்ப்யூட்டரை இயக்குகிற அடிப்படை மென்பொருள்களில் ஒன்று 'கொன்றை'. காசுக்கு மென்பொருள் விற்கும் பெரிய கம்பெனி, இனிமேல் கவனிக்க மாட்டோம் என்று கைவிட்ட பழைய மெஷினிலும் ஓடும். பல நாட்டு ஆட்கள் சம்பளமில்லாமல் சேர்ந்து எழுதியது. யாரும் பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம். அதில் திரையில் வரும் தமிழ் முழுக்க ரிஃபானா எழுதியது. அந்தப் பெருமையை அவள் மறைத்ததே இல்லை.

ஸ்ரீரங்கத்து வியாபாரிகள் சங்கம் பெண்களுக்கென்று ஒரு கம்ப்யூட்டர் அறை நடத்தியது. அங்கிருந்த மெஷின்களையும் கம்பெனி கைவிட்டபோது, சங்கச் செயலாளரான பாத்திரக்கடை பாலு எல்லாவற்றையும் காயலான் கடைக்குப் போடுவதாக இருந்தார். கொன்றையில் ஓட்டிக் காட்டுகிறேன் என்று ரிஃபானா ஒரு மாதத் தவணை கேட்டு வாங்கி, அதைப் போட்டுவரத் தம்பி ஹாலித்தை அனுப்பினாள். இந்த அறை ஏற்றுக்கொண்டால் சங்கத்துக் கடைகளெல்லாம் ஏற்றுக்கொள்ளும். இங்கே தோற்றால் காவிரிப் பாலத்தைத் தாண்டிக் கொன்றையின் பேச்சை எடுக்கவே முடியாது.

முடிவு சொல்லக் கூப்பிட்ட அன்று அறைக்குள் நுழைந்தவள், பெண்கள் வேலை செய்துகொண்டிருந்த திரைகளைப் பார்த்து நின்றுவிட்டாள். பழைய கம்பெனியின் படம், பழைய பொத்தான்கள், எல்லாம் இங்கிலீஷ்.

"என்னடா இது?" என்று ஹாலித்தின் காதைக் கடித்தாள்.

"உள்ள கொன்றைதான்க்கா. மேல பழசு மாதிரி வேஷம் போட்டுட்டேன். தமிழைப் பார்த்தா கண்டுபிடிச்சிடுவாங்கன்னு அதையும் எடுத்துட்டேன். ஒரு மாசமா ஒருத்தருக்கும் தெரியலை. பேசாம இரு, ஜெயிச்சிடலாம்."

பாலு தொண்டையைச் செருமிக்கொண்டார். "மெஷினெல்லாம் ஜோரா ஓடுதும்மா. அந்த ஓசிச் சரக்கைப் போடாம ஒரிஜினலையே சரிபண்ணிக் கொடுத்தீங்க பாருங்க, அதான் புத்திசாலித்தனம். இதையே வச்சுக்கலாம்னு முடிவு பண்ணியிருக்கோம்."

ஹாலித் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். ரிஃபானாவுக்கோ உடம்பெல்லாம் எரிந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் ஜெயம்தான். ஆனால் சொந்தப் பெயரைச் சொல்ல முடியாத ஜெயம் யாருக்கு வேண்டும்? உழைப்பது கொன்றை, மாலை மரியாதை கம்பெனிக்கா?

"ஒரிஜினல் இல்லைங்க சார். இதுதான் கொன்றை. என் தம்பி வேஷம் போட்டுட்டான், தப்புதான். இப்பவே கலைச்சிடறேன்."

ஹாலித் அவள் கையைப் பிடிக்க வந்தான். உதறிவிட்டு, எல்லா மெஷின்களையும் இணைத்திருந்த பெரிய மெஷின் முன்னால் உட்கார்ந்து தட்டினாள். அறை முழுக்கத் திரைகள் மஞ்சளாயின. எழுத்தெல்லாம் தமிழாயிற்று.

"ஏமாத்திட்டீங்களேம்மா!" பாலுவின் முகம் சிவந்தது. "சும்மா கொடுக்கிறவன் எவன்? உள்ள என்ன வச்சிருக்கானோ!"

"உள்ள இருக்கிறதை ஊருக்கே திறந்து வச்சிருக்கோம், பாருங்க. ரமலான்ல பெரிய கடைவீதிக்குச் சரக்கெடுக்க வந்தா, எங்க பள்ளிவாசல்ல தூக்குவாளியோட நின்னு நோன்புக் கஞ்சி வாங்கிட்டுப் போறீங்களே. ஒருத்தர் அரிசி தராரு, ஒருத்தர் விறகு தராரு, ஒருத்தர் நின்னு கிண்டறாரு. சும்மா கொடுக்கிறவன் எவன்னு என்னிக்காவது கேட்டீங்களா? இன்னொரு கரண்டி ஊத்துங்கன்னுதானே கேட்டீங்க?"

யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள். பாலுவுக்குக் கோபம் தலைக்கேறியது.

இதற்குள் மூலையில் இருந்த மகாலட்சுமி பதறிப்போயிருந்தாள். தையல் வகுப்பு நடத்துகிறவள். வகுப்புக்கு விளம்பரம் அடித்துக்கொண்டிருந்தாள். திரை மாறவும் பயந்துபோய் விளம்பரத்தை மூடப்போனாள். திரையில் ஒரு பெட்டி முளைத்தது. அதை வாய்விட்டுப் படித்தாள்.

"நீங்கள் எழுதியதை இன்னும் சேமிக்கவில்லை. இப்படியே மூடினால் எல்லாம் போய்விடும். சேமிக்கவா, மூடிவிடவா?"

அவள் கை அப்படியே நின்றது. "இதைத்தான் இத்தனை நாளா இங்கிலீஷ்ல கேட்டுச்சா? என்னமோ கேக்குதுன்னு கைக்கு வந்ததைத் தட்டி, அடிச்சதெல்லாம் தொலைச்சேனே! தினம் முதல்லேருந்து அடிச்சேன். நமக்கெல்லாம் இது வராதுன்னு நேத்துதான் வீட்ல சொல்லிட்டு அழுதேன்."

ரிஃபானாவுக்குக் கண் நிறைந்தது. அந்த வரியை எழுதும்போது, படிக்கிற ஆள் பயப்படக் கூடாதே என்று மாற்றி மாற்றி எழுதிப் பார்த்தவள் அவள். ஹாலித் தலையைக் குனிந்துகொண்டான்.

"கதையெல்லாம் போதும்" என்றார் பாலு. "எல்லாரும் எழுந்திரிங்க. கரண்டை நிறுத்தறேன். காயலான் கடைக்காரனை இப்பவே வரச்சொல்றேன்." விறுவிறுவென்று போய் மெயின் சுவிட்சில் கையை வைத்தார்.

ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை.

"கையை எடுங்க சார்" என்றாள் மகாலட்சுமி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமலேயே. "நான் இன்னும் சேமிக்கலை."

பாலு கையை எடுத்தார்.