தமிழ் மட்டும் காதில் விழுகிறது

1.

இந்தக் கதையை எனக்குத் தந்தவள் அனோஜா. சுவிஸின் பீல் நகர பஸ்ஸில், தன் தம்பி ஜஸ்ரின் அமெரிக்கன் ஃபுட்பால் ஆடுகிறான் என்றாள். காலால் உதைக்கிற பந்து என்று நினைத்துத் தலையாட்டிவிட்டேன். ஆகவே என் முதல் தொடக்கம் இது:

1996 கோடையில், ஜஸ்ரின் கோலை நோக்கிப் பந்தை உதைத்தபோது...

(அடித்துவிட்டேன். அவன் எறிகிறவன், குவார்ட்டர்பேக். பந்து முதலில் இவன் கைக்கு வரும். எதிரணிக்காரர் இவன்மேல் விழுவதற்குள், ஓடுகிற தோழன் எவனுக்காவது எறிய வேண்டும். அதற்குக் கை வலுத்தால் போதாது, புத்தி ஒரே இடத்தில் நிற்க வேண்டும்.)

2.

அந்தப் பருவம் முழுக்க அவன் புத்தி அப்படித்தான் நின்றது. பயிற்சியாளர் எமில் ஜெர்மனில் திட்டுவார். பந்து பிடிக்கிறவர்கள் பிரெஞ்சில் முறையிடுவார்கள். ஒன்றும் அவனுக்குள் இறங்காது.

அரையிறுதிக்கு அம்மா அருள்மலர், சிநேகிதி கலாவதியோடு வந்து அணி உட்காரும் வாங்குக்குப் பின்னால் இருந்தா.

"இவனை மணிக்கூட்டுக் கொம்பனியில நிரந்தரமாக்கப் போறாங்களாம்," என்றா அம்மா.

ஜஸ்ரின் எறிந்த பந்தை எதிரணிக்காரன் பிடித்தான்.

"முதலாளிக்கு இவனெண்டா உயிர்."

அடுத்ததும் எதிரணிக்கே போனது.

அந்த வேலையை அவன் போன மாதமே விட்டிருந்தான். (ஏன் விட்டான் என்று ஒரு பத்தி எழுதினேன். அவனுக்கு வக்காலத்து வாங்குவது போலிருந்தது, எடுத்துவிட்டேன். பயிற்சிக்காகத்தான்.)

3.

இடைவேளையில் உண்மையைச் சொன்னான். அம்மா அழுததாக எழுதியிருந்தேன். அனோஜா வாசித்துவிட்டு, "அம்மா அழேல்லை அண்ணை," என்றாள். நடந்தது இவ்வளவுதான்:

"அம்மா, நான் இப்ப அங்க வேலை செய்யேல்லை. விட்டிட்டன்."

"அப்ப காலமை சாப்பாட்டுப் பெட்டியோட எங்க போறனி?"

"இங்கதான். பழக."

அம்மா மைதானத்தைப் பார்த்தா. கலாவதி தன் கைப்பையைப் பார்த்தா.

"சரி, போ," என்றா அம்மா. "வந்த வேலையைச் செய்."

4.

இரண்டாம் பாதியில் பின்னாலிருந்து ஒரு சொல்கூட வரவில்லை. முதல் சில எறிதல்கள் அந்த மௌனத்தாலேயே கெட்டன. அம்மாவுக்குக் கோபமோ, கவலையோ? பிறகு மெல்ல மெல்ல மனம் பிடிபட்டது. இன்னும் ஒருமுறை எல்லைக்கோட்டைத் தாண்டினால் வெற்றி என்கிற இடத்துக்கு அணி வந்துவிட்டது. ஒரே ஒரு எறிதல்தான் மிச்சம்.

ஜஸ்ரின் குனிந்து, பந்தைத் தன் கைக்கு வரவழைக்கும் சைகை இலக்கங்களைக் கத்தத் தொடங்கினான். மைதானத்தைச் சுற்றிய கயிற்றோரமாக அவ்வளவு தூரமும் நடந்து வந்திருந்த அம்மா கேட்டா:

"ஜஸ்ரின், இரவைக்குப் புட்டோ, இடியப்பமோ?"

இலக்கங்களுக்கு நடுவே அவன் வாய் தானாகக் கத்தியது: "புட்டு."

அப்படியொரு இலக்கத்தை எதிரணி கேட்டதில்லை. பந்து அசையுமுன்பே இரண்டு பேர் பாய்ந்துவிட்டார்கள். அது தவறாட்டம். நடுவர் கோட்டுக்கான தூரத்தில் பாதியைக் குறைத்து, ஆட்டத்தை மறுபடி தொடங்கச் சொன்னார். எமில் புட்டு என்றால் என்ன என்று ஒவ்வொருவரையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

5.

வென்றதாக ஒரு முடிவு எழுதினேன். எல்லாரும் அவனைத் தோளில் தூக்கி... வேண்டாம். தோற்றதாகவும் ஒன்று எழுதினேன். அதில் அன்றைய புட்டு ருசிக்கவில்லை. அது பச்சைப் பொய்.

"அந்தக் கடைசிப் பந்தை எறியேக்க என்ன நினைச்சனி?" என்று ஜஸ்ரினிடம் கேட்டேன்.

"ஒண்டும் நினைக்கேல்லை அண்ணை. அவ்வளவு நல்லா நான் ஒருநாளும் எறிஞ்சதில்லை."

இவன் கதை அத்தோடு முடிந்தது. பந்தைப் பிடிக்க வேண்டியவன் இன்னொருவன். அவனை உங்களிடம் விடுகிறேன். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்: அன்று அவனுடைய அம்மாவும் வந்திருந்தா.