கருங்காலியை எறும்பு கடித்த கதை

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதையில் வருகிற கருங்காலி நான்தான். வேலைநிறுத்தத்தை உடைக்க லாரியில் ஏறி மலைக்குப் போனவன்.

தொடக்கத்தை மூன்று முறை எழுதினேன். ‘1979 டிசம்பரில் நாட்டில் வேலையற்றோர் எண்ணிக்கை…’ அடித்துவிட்டேன். (அந்த எண்ணிக்கையில் நானும் ஒருவன். பி.ஏ. பொருளாதாரம், வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து நான்கு வருடம்.)

2

சேலத்துக்கு மேலே மலையில், கொட்டச்சேடு பக்கம் ஒரு காப்பி எஸ்டேட். கூலி உயர்வு கேட்டுப் பத்து நாளாக யாரும் பழம் பறிக்கவில்லை. கூலிக் கணக்கு எழுதும் எஸ்டேட் ரைட்டர் லூர்துராஜ் சேலத்துக்கு வந்து, சும்மா இருந்த முப்பது பேரை லாரியில் அள்ளிக்கொண்டு போனார். வேலி ஓரமாக வேலைநிறுத்தக்காரர்கள் நின்றிருந்தார்கள். கல் விழும் என்று பயந்தேன்.

விழுந்தது சிவப்பெறும்பு. (செடியை உலுக்கினால் எறும்பு சட்டைக்குள் இறங்கும் என்று எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை.) நான் குதித்த குதியில் வேலிக்கு அப்பால் பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

“சட்டையக் கழட்டி ஒதறுங்க சாமி!” என்று கத்தியவர் பாவாயி, அவர்களுடைய தலைவி. உதறினேன். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

“பச்சக்காயெல்லாம் பறிச்சு வெச்சிருக்கீங்களே! கூலி எவ்வளவுன்னு பேசுனாங்க?”

சொன்னேன். அவர் இடுப்பில் கைவைத்து என்னையே பார்த்தார்.

“ஏனுங்க, நாங்க கேட்டதே அதத்தானுங்களே!”

3

(இந்த இடத்தில் பாவாயியைச் சொற்பொழிவாற்ற வைத்திருந்தேன்: ‘வேலையில்லாதவர் வாசலில் நிற்கும்வரை…’ அவர் அப்படிப் பேசுகிறவர் இல்லை. கிழித்துவிட்டேன்.) உண்மையில் சொன்னது இவ்வளவுதான்:

“கீழ நீங்க சும்மா இருக்கறதக் காட்டித்தான் எங்கள மெரட்டறாங்க. நாளைக்கு எங்களக் காட்டி உங்கள மெரட்டுவாங்க கண்ணு.”

கூடையைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தேன். பக்கத்துச் செடியில் பறித்துக்கொண்டிருந்த கிறிஸ்துதாஸும் உட்கார்ந்தான். பிறகு முப்பது பேரும்.

லூர்துராஜ் ஓடிவந்தார். “என்னய்யா இது?”

“நாங்களும் ஸ்டிரைக்குங்க” என்றேன். வாழ்க்கையில் கிடைத்த முதல் வேலை. மூன்று மணி நேரத்தில் வேலைநிறுத்தம்! வேலிக்கு அப்பால் ஒரே கைதட்டல்.

சாயங்காலம் மேனேஜரே வந்தார். பழம் உதிர்ந்துகொண்டிருந்தது; கேட்ட கூலிக்குச் சம்மதித்தார். பாவாயி மட்டும் நகரவில்லை.

“அந்த முப்பது பேரு?”

“அவங்களுக்கென்ன, லாரி நிக்குது.”

“பழம் நொம்பக் கெடக்குதுங்க. அவங்களும் பறிக்கட்டும். நாங்க சொல்லித் தர்றோம்.”

அறுவடை முடியும்வரை இருக்கலாம் என்றார் மேனேஜர். அன்று எஸ்டேட் ரோட்டில் நாங்கள் ஆடிய ஆட்டத்தை எழுத எனக்கு வராது.

4

அறுவடைக்குப் பிறகு? இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் எனக்கு அரசாங்க வேலைக்கு உத்தரவு வருகிறது. (நம்ப முடியவில்லை.) இன்னொன்றில் நாங்கள் பஸ் ஏறி… வேண்டாம். அந்தச் சாயங்காலம் அங்கே இருந்த அத்தனை பேருக்கும் வேலை இருந்தது. நான் அங்கேயே நின்றுகொள்கிறேன்.

மிச்சத்தை நீங்கள் எழுதுங்கள். ஒரே ஒரு நிபந்தனை: யாரையும் வேலையைவிட்டு நிறுத்தக் கூடாது.