வைஷ்ணவி ஓடிய திசை

தமிழ்வாணனுக்குத் தலைக்கனம் ஏறி ஒரு வருஷம் ஆகிறது. அதற்கு முன்னால் ஏரிக்கரைக் குப்பத்தில் அவனை யாரும் பெரிதாகச் சட்டை செய்ததில்லை. அடுத்தவன் வலையில் இறால் விழுந்தால் இவன் வலையில் பாசி விழும். அப்படிப்பட்டவன் இப்போது டீக்கடை பெஞ்சில் கால்மேல் கால் போட்டு உட்காருகிறான் என்றால், எல்லாம் மகள் வைஷ்ணவியின் புண்ணியம்.

வைஷ்ணவிக்கு ஒன்பது வயது. பேச்சு அதிகம் கிடையாது. பேசினால் பொன்னேரி பஸ் கண்டக்டர் மாதிரிதான் பேசுவாள். சோறு பிடித்தால் "போலாம், ரைட்டு". பிடிக்காவிட்டால், பஸ்ஸை நிறுத்தச் சொல்லும் "ஓல்டான்". போன ஆடித் திருவிழாவில் பம்பை முழங்கி ஸ்பீக்கரும் அலறியபோது, காதைப் பொத்திக்கொண்டு "ஓல்டான்! ஓல்டான்!" என்று கத்தியபடி வடக்கே ஓடினாள். கரையில் கவிழ்த்துப் போட்டிருந்த படகுக்கு அடியில் புகுந்துகொண்டாள். ஊரோ அவள்மேல் அம்மன் இறங்கிவிட்டதாகச் சொல்லி, படகைச் சுற்றிக் கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டது.

ஏரியில் முறை வைத்து வலை போடும் இடத்துக்குப் பாடு என்று பெயர். மறுநாள், அம்மன் ஓடிய திசை என்று எல்லோரும் வடக்குப் பாட்டுக்குப் போனார்கள். இறால் கொட்டியது. அப்புறம் கேட்கவா வேண்டும்? தமிழ்வாணன் அம்மனைப் பெற்ற அப்பன் ஆகிவிட்டான்.

அவன் மனைவி சரண்யா மட்டும் இந்தக் கூத்தில் சேரவில்லை. அவள் மகளைப் பொன்னேரிக்கு அழைத்துப் போனாள். டாக்டர் பார்த்துவிட்டு ஆட்டிசம் என்றார். இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் சோபியா டீச்சரைப் போய்ப் பார்க்கச் சொன்னார். அன்றிலிருந்து சரண்யா வாராவாரம் பஸ் ஏறுகிறாள். தமிழ்வாணன் ஒரே ஒரு தடவை அவளோடு போனான், அதுவும் பல் பிடுங்கப் போகிறவன் முகத்தோடு.

"மருந்து குடுத்து மாத்துற நோய் இல்லீங்க இது" என்றார் சோபியா டீச்சர். "அவ உலகத்த வாங்கிக்கிற விதமே வேற. நமக்கு மேளம்னா வெறும் சத்தம். அவளுக்கு அது உடம்புல விழுற அடி. ஓல்டான்னு அவ உங்களத்தான் கெஞ்சியிருக்கா."

தமிழ்வாணனுக்கு நெஞ்சில் சுருக்கென்றது. ஊர் திரும்பியதும் டீக்கடையில் யாரோ "வாய்யா, அம்மனுக்கே அப்பா!" என்றார்கள். சுருக்கென்றது பறந்துபோயிற்று.

இந்த வருஷம் ஆடி பிறந்ததுமே ஊர்த்தலைவர் சின்னதம்பி வீடு தேடி வந்தார்.

"தமிழு, எளாவூர்லேர்ந்து டபுள் செட்டு பம்ப சொல்லிக்கீறேன். பாப்பா சோக்கா ஓடணும். பரிவட்டம் உனக்குத்தான்."

கோயிலில் தலையில் பட்டுத்துணி கட்டி மரியாதை செய்வார்கள் என்பதைக் கேட்டதுமே தமிழ்வாணனுக்குத் தலை இரண்டு சுற்று பெருத்துவிட்டது. தலைவர் போகும்வரை பொறுத்திருந்த சரண்யா பிடித்துக்கொண்டாள்.

"இன்னாய்யா நெனச்சிகினு கீற? போன வருசம் படகுக்கு அடியில கெடந்து கையக் கடிச்சிகினு ரத்தமா வந்துச்சே, பாத்தியா நீ? வந்தவனுக்கெல்லாம் கும்புடு போட்டுகினு நின்ன."

"அம்மன் விசயம்டி. ஊரு கேக்குது."

"ஊரு கேக்கும். பொண்ணு கேட்டது உன் காதுல வுழுந்துச்சா?"

"அப்ப அவள வூட்லயே வுட்டுட்டுப் போலாம்."

"எதுக்கு வுடணும்? கற்பூரம்னா அவளுக்கு உசுரு. போன வருசம் அதப் பாக்காமலே ஓடிட்டா. இந்த வருசம் நின்னு பாக்கணும் எம் பொண்ணு. மேளத்த நிறுத்தச் சொல்லு தலைவராண்ட."

தமிழ்வாணன் கிழியாத வலையை எடுத்துவைத்துக்கொண்டு தைக்க உட்கார்ந்தான்.

திருவிழா அன்று காலையில் அவனுக்குப் பரிவட்டம் கட்டினார்கள். பக்கத்தில் சரண்யா, நடுவில் வைஷ்ணவி. இன்னும் ஏற்றாத கற்பூரத் தட்டையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். ஊரோ அம்மனைப் பார்க்காமல் வைஷ்ணவியின் கால்களையே பார்த்தது. வடக்கே ஓடுவதற்கு வசதியாகக் கூட்டம் விலகி நின்றது. எதற்கும் இருக்கட்டும் என்று தெற்குப் பாட்டுக்காரர்கள் தெற்கேயும் கொஞ்சம் வழி விட்டிருந்தார்கள்.

பம்பையில் அடி விழுந்தது. டபுள் செட்டு அல்லவா, தரையே அதிர்ந்தது. வைஷ்ணவி இரண்டு கையாலும் காதைப் பொத்தினாள். ஆனால் ஓடவில்லை. வடக்கும் போகவில்லை, தெற்கும் போகவில்லை. நேராக அப்பன்மேல் ஏறினாள். அவன் தலையில் இருந்த பரிவட்டத்தை உருவி இரண்டு காதிலும் அழுத்திக்கொண்டாள். உடம்பு கிடுகிடுவென்று நடுங்கியது.

"ஓல்டான், நைனா" என்றாள்.

தமிழ்வாணனுக்கு, தான் ஒரு வருஷமாகக் கால்மேல் கால் போட்டதெல்லாம் இந்த நடுக்கத்தின்மேல் உட்கார்ந்துதான் என்று தெரிந்தபோது வெட்கம் பிடுங்கித் தின்றது.

"ஓல்டான்!" என்று கத்தினான். பஸ்ஸே நின்றிருக்கும், பம்பை நிற்காதா?

"இன்னா தமிழு, அம்மன் ஏறுற நேரத்துல?" என்றார் சின்னதம்பி.

"அம்மன் ஏறல தலைவரே. எம் பொண்ணுக்கு வலிக்குது. போன வருசமும் வலிச்சிதான் ஓடுச்சு. தெரிஞ்சிகினேதான் நான் பரிவட்டம் கட்டிகினேன்."

"அப்ப எறா கொட்டுனது?"

"எறா வந்துச்சு. அதுக்கு எம் பொண்ணு ஏன் ஓடணும்?"

"மேளம் இல்லாம அம்மனுக்கு எப்டி..." என்று தலைவர் இழுத்தார். மீன் விற்கும் இருசம்மாள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"கோயில் கட்டுன நாள்லேர்ந்து இந்த எரச்சலக் கேட்டுகினு கீறா அவ. ஒரு நாளாவது காது குளிரட்டுமே!"

யாரோ சிரித்தார்கள். தலைவரும் வேறு வழியில்லாமல் சிரித்துவிட்டு, முதலில் இருந்தே தாம் அப்படித்தான் நினைத்திருந்த தோரணையில், "மொதல்ல ஆரத்தி. புள்ள வூட்டுக்குப் போனப்பறம் மேளம்" என்று தீர்ப்புச் சொன்னார்.

கற்பூரம் ஏற்றினார்கள். சத்தம் இல்லாத ஆரத்தி பூசாரிக்கும் புதிது. எப்போது ஆரம்பிப்பது என்று தெரியாமல் தட்டோடு விழித்தார். வைஷ்ணவி அப்பன் இடுப்பிலிருந்து இறங்கினாள். ஒரு காதில் இருந்து துணியை எடுத்தாள். கொஞ்சம் பொறுத்து மற்ற காதிலிருந்தும் எடுத்தாள். நெருப்பைப் பார்த்தாள்.

"போலாம், ரைட்டு" என்றாள்.

பூசாரி தட்டை உயர்த்தினார்.

"ரைட்டுன்னா வடக்கா, தெக்கா?" என்று பின்னால் ஒருவன் கேட்டான். இருசம்மாள் அவன் முதுகில் ஒன்று போட்டாள். தமிழ்வாணன் அதையெல்லாம் கவனிக்கவில்லை. ஊரே பார்க்கிறது என்பதும் மறந்து, வெறுந்தலையோடு நின்று அழுதுகொண்டிருந்தான். கற்பூரம் அணையும்வரை வைஷ்ணவி அவன் பக்கத்திலேயே நின்றாள்.