ஆடை எடுத்த கை

துறைமுகக் கிடங்கில் அடுக்கியிருந்த அலுமினியப் பாளங்களில் ஒன்றின் மேல் கை வைத்தவள் சட்டென்று கையை எடுத்துக்கொண்டாள். வெதுவெதுப்பாக இருந்தது. கடல் கடந்து வந்து, வெயிலே எட்டாத மூலையில் வாரக்கணக்கில் கிடந்த உலோகம் அது. பக்கத்துப் பாளங்களைத் தொட்டுப் பார்த்தாள். அவை சில்லென்றுதான் இருந்தன.

பூட்டிக் கிடக்கும் ஓர் உருக்காலையின் வார்ப்புக் கூடத்து மேற்பார்வையாளர் அவள். உருக்காலைகள் சங்கம் அவளை அனுப்பியிருந்தது. சரக்கு வரும் நாட்டில் அரசாங்கம் ஆலைகளுக்கு மின்சாரத்தைச் சும்மா கொடுக்கிறது, அந்த அலுமினியம் இங்கே அடிமாட்டு விலைக்கு வந்து குவிகிறது, இறக்குமதி வரி போட்டால்தான் நம் உலை எரியும் என்பது சங்கத்தின் நிலைப்பாடு. மேடையில் இதைத் தொண்டை கிழியச் சொல்பவர்களில் பாதிப் பேர் கொல்லைப்புறமாக அதே சரக்கை வாங்கி விற்பவர்கள் என்பது ஊரறிந்த ரகசியம். அது கிடக்கட்டும். வரி விசாரணையில் சாட்சி சொல்ல, சரக்கைக் கண்ணால் பார்த்த ஒருத்தி தேவைப்பட்டாள்.

விளக்கை அந்தப் பாளத்தின் மேல் பிடித்தாள். உருகிய உலோகத்தை அச்சில் ஊற்றியதும் காய்ச்சிய பால் போல மேலே ஆடை கட்டும். அதைத் தட்டைக் கரண்டியால் ஒரே இழுப்பில் வழித்தெடுக்க வேண்டும். இழுப்பின் தடம் அப்படியே உறைந்துவிடும். கையெழுத்து மாதிரி அது ஆளுக்கு ஆள் வேறுபடும். இந்தத் தடம் எல்லோரும் இழுக்கும் திசைக்கு எதிராக ஓடி, முடிகிற இடத்தில் சின்னதாக மேலே சுழித்திருந்தது.

அவளுடைய அண்ணன் இழுப்பு. அவளுடைய ஆலையிலேயே இடது கையால் ஆடை எடுத்தவன். பீச்சாங்கை என்றால்தான் ஆலையில் அவனைத் தெரியும். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவனே திரும்பிப் பார்க்க மாட்டான். பாளத்தின் பக்கவாட்டில் வார்த்த தேதி பதிந்திருந்தது. போன மாதத் தேதி. அண்ணன் செத்து மூன்று வருஷம் ஆகிறது. உலையை அணைத்த அன்று அதன் எதிரிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன், பிறகு எழுந்திருக்கவில்லை. அவன் கண்களை மூடிவிட்டதே இவள்தான்.

விசாரணை வரை பத்திரமாக வைத்திருக்கச் சொல்லி, அந்தப் பாளத்தைச் சங்கத்தார் அவளிடமே கொடுத்தார்கள். வீட்டுக்குக் கொண்டு போனாள்.

"அண்ணி, இதைக் கொஞ்சம் தொட்டுப் பாருங்க."

அண்ணி தொட்டாள். தடத்தின் மேல் விரலை ஓட்டிச் சுழிப்பில் நிறுத்தினாள். அழவில்லை. உள்ளே போய் ஒரு துண்டை எடுத்து வந்து, பாளத்தைச் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"அவருக்கு எங்கயோ வேலை கிடைச்சிருக்கு" என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள்.

விசாரணைக்கு முந்திய நாள் சங்கச் செயலாளர் வந்தார்.

"மேடம், இறக்குமதிக்காரங்க தரப்பு வக்கீல் விவகாரமான ஆளு. இது உங்க ஆலையில முன்ன வார்த்து வெளிய போன சரக்கு, தேதியை மட்டும் மாத்தி அடிச்சுத் திரும்பி வருதுன்னு வாதாடப் போறார். நம்ம சரக்கே திரும்பி வந்தா அதுக்கு வரி கிடையாது. நம்ம மனுவும் போச்சு. தடத்தைக் காட்டி யார் கைன்னு கேப்பார். தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

உலை எரிந்தால் இவளுக்கு வேலை, அண்ணன் மகளுக்குப் படிப்பு, பூட்டிய வாசலில் தினமும் வந்து நின்றுவிட்டுப் போகிறவர்களுக்குச் சோறு. உண்மையைச் சொன்னாலோ, செத்துப்போனவன் போன மாதம் வார்த்தான் என்று சொல்ல வேண்டும். அதை யார் காதில் போட்டுக்கொள்வார்கள்?

"தெரியாதுன்னே சொல்லிடும்மா" என்றாள் அண்ணி, மடியிலிருந்த துண்டைச் சரி செய்தபடி. "அவரு கோவிச்சுக்க மாட்டாரு."

விசாரணை அறையில் பாளம் மேசை மேல் இருந்தது. வக்கீல் ஒரு புகைப்படத்தைப் பக்கத்தில் வைத்தார்.

"இது உங்க ஆலையோட பழைய பாளம். அது இப்ப வந்தது. ரெண்டும் ஒரே கை. அது யாரோட கைன்னு சொல்ல முடியுமா?"

அவள் உள்ளங்கை பாளத்தின் மேல் இருந்தது. சூடு கூடியது. கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கக் காத்திருப்பவன் போல அது மெல்ல மெல்ல ஏறியது.

"தெரியாதுங்க. எனக்குத் தெரிஞ்ச கை இல்ல."

சூடு இறங்கியது. முதலில் விரல் நுனிகளுக்கு அடியில், பிறகு உள்ளங்கைக்கு அடியில். கடைசியில் வெறும் உலோகம் சில்லென்று கிடந்தது. வக்கீல் உட்கார்ந்துவிட்டார்.

வரி வந்தது. செயலாளருக்கு வாயெல்லாம் பல். சாட்சிப் பொருளைத் திருப்பிக் கொடுத்தார்கள். சுமந்துகொண்டு வீட்டுக்குப் போனாள். அண்ணி துண்டோடு வாசலிலேயே நின்றிருந்தாள். பாளத்தின் மேல் கை வைத்தாள். எடுத்தாள். மறுபடியும் வைத்துப் பார்த்தாள்.

"உலைய எப்ப பத்த வைக்கிறாங்க?"

"அடுத்த வாரம், அண்ணி."

"முதல்ல இதைப் போட்டு உருக்கு. ஆடைய நீயே எடு. பீச்சாங்கையால எடு." துண்டை நாலாக மடித்துத் தோளில் போட்டுக்கொண்டாள். "யாரு கைன்னு யாராவது கேட்டா, அப்பவாவது நம்ம ஆளுன்னு சொல்லு."