காகிதத்தில் காய்ந்த நுரை

ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோகும் தள்ளுவண்டி வர இன்னும் அரைமணி நேரம் இருந்தது. இடுப்பு மூட்டை மாற்ற அண்ணன் பதினான்கு மாதம் காத்திருந்தான். முப்பது வருடம் சலூனில் நின்றே தேய்ந்த மூட்டு. அதே சலூனில் பக்கத்து நாற்காலிக்கு முடி வெட்டுகிறவன் தம்பி.

நர்ஸ் போர்வையை விலக்கிப் பார்த்தாள்.

"வீட்ல ஷேவ் ஏதாவது பண்ணீங்களா?"

"இல்ல சிஸ்டர்." கேட்ட விதமே சரியில்லை என்று அண்ணன் முந்திக்கொண்டான். "எங்க வம்சத்துக்கே முடி கம்மி."

அவள் அவனுடைய அடர்ந்த மீசையைப் பார்த்தாள். பிறகு தொடைகளைப் பார்த்தாள். இரண்டும் ஒன்றுபோல வழவழவென்று இருந்தன. எதையோ எழுதிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

நேற்றுக் காலை, ஆஸ்பத்திரிக்குக் கிளம்புமுன், தம்பிதான் வழித்துவிட்டான். முன்பின் தெரியாதவன் மிஷினை வைத்து இழுப்பதைவிட நம் கை படட்டும் என்று அண்ணன்தான் சொன்னான். ஒரு பக்கம் மட்டும் எடுத்தால் லட்சணமாக இருக்காது என்று இரண்டு பக்கமும் எடுத்தார்கள். வலது இடுப்பின் பின்பக்கம் கத்தி லேசாகக் கடித்தது.

"கஸ்டமரா இருந்தா இன்னேரம் எழுந்து போயிருப்பான்டா" என்று அண்ணன் சிரித்தான். படிகாரத்தை ஒற்றியதும் ரத்தம் நின்றது. இருவரும் அதை மறந்துபோனார்கள்.

இப்போது தம்பி பையில் துண்டைத் தேடியபோது ஒரு காகிதம் கையில் சிக்கியது. போன வாரம் ஆஸ்பத்திரியில் கொடுத்தது. நேற்று அதைப் படிக்காமலே, கத்தியில் படிந்த நுரையைத் துடைக்க நாலாக மடித்து முழங்கால் மேல் வைத்திருந்தான். காய்ந்த நுரையை நகத்தால் சுரண்டிவிட்டுப் படித்தான்.

ஆபரேஷன் செய்யும் இடத்தை வீட்டில் மழிக்கக் கூடாது. சிறு கீறல் வழியாகவும் கிருமி உள்ளே போகலாம். மூட்டில் தொற்று வந்தால் மறுபடி அறுவை தேவைப்படலாம்.

தம்பி அதை மறுபடி படித்தான். ஆறு வருடம் முன்பு அப்பாவுக்கும் இதே ஆபரேஷன். இரண்டாம் மாதம் சீழ் வைத்தது. பொருத்தியதைக் கழற்றினார்கள், சுத்தம் செய்து மறுபடி பொருத்தினார்கள், மறுபடி கழற்றினார்கள். மூன்றாவது தடவை போனவர் வீட்டுக்குத் திரும்பவில்லை. முதல் தடவை போகும்போது அவரை வழித்துவிட்டதும் இதே கைதான்.

"அண்ணே, சொல்லிடலாம்."

அண்ணன் காகிதத்தைப் பார்த்தான். "சொன்னா திருப்பி அனுப்பிடுவாங்க. இன்னும் எத்தனை மாசம்டா நான் சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு பாத்ரூம் போறது?"

"அப்பாவுக்கும் நான்தான்..."

"அது எதனால வந்ததுன்னு யாருக்கும் தெரியாது. தெரியாமலே கிடக்கட்டும். நீ வாயத் திறக்காதே."

வராந்தாவில் சக்கரச் சத்தம் கேட்டது. இரண்டு பேர் அண்ணனை வண்டிக்கு மாற்றினார்கள். தம்பி சுவரோடு ஒட்டி நின்றான். வண்டி கதவைத் தாண்டி, வராந்தாவில் பாதி தூரம் போய்விட்டது. எதிரே டாக்டர் வந்துகொண்டிருந்தார். தம்பி ஓடிப்போய் வண்டிக் கம்பியைப் பிடித்தான்.

"டாக்டர், நான் கத்தியால வழிச்சுவிட்டேன். கீறிடுச்சு."

அண்ணன் கண்ணை மூடிக்கொண்டான்.

டாக்டர் அவனை ஒருக்களிக்க வைத்து, டார்ச் அடித்துப் பார்த்தார். கீறலைச் சுற்றி நாலைந்து சிவப்புக் கொப்புளங்கள் புடைத்திருந்தன.

"இன்னிக்கு வேண்டாம். தோல் ஆறட்டும். மூணு வாரம் கழிச்சு வாங்க, ஆறியிருந்தா முதல் ஆள் நீங்கதான்."

"இத்துனூண்டு கீறலுக்கா டாக்டர்?" என்றான் அண்ணன்.

"இத்துனூண்டு போதும். கிருமி மூட்டுல போய் உக்காந்துட்டா, பொருத்தினதக் கழட்ட வேண்டி வரலாம்."

அவர் நகரப் பார்த்தார். தம்பி கம்பியை விடவில்லை. அப்பாவைப் பற்றிச் சொன்னான். டாக்டர் முழுவதும் கேட்டார்.

"அதனாலதான்னு என்னால சொல்ல முடியாது" என்றார். டார்ச்சைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "இல்லன்னும் சொல்ல முடியாது."

அண்ணன் சொந்தச் சட்டையை மாட்டிக்கொண்டான். வாசல்வரை தம்பியின் தோளைப் பிடித்தபடி நடந்தான். ஒவ்வொரு அடிக்கும் விரல்கள் அழுந்தின.

"மூணு வாரம் கத்தியோட என் பக்கம் வந்துடாதே."

"சரிண்ணே."

படியருகே அண்ணன் நின்றான். "அப்பாவப் பத்தி எதுக்குடா கேட்ட?"

"தெரிஞ்சுக்கணும்னு தோணுச்சு."

"தெரிஞ்சுதா?"

"இல்ல."

அண்ணன் மொத்தப் பாரத்தையும் அவன் தோளில் போட்டு, முதல் படியில் காலை இறக்கினான்.