உளவியலா, உழவியலா

1

வீட்டில் பெயர் சுண்டு. வயது இருபத்தாறு. இப்போது இருப்பது வெளிநாட்டில், ஓர் ஓட்டலின் சலவை அறையில், விரிப்புகள் சுற்றும் இரண்டு இயந்திரங்களுக்கு நடுவே. கை ஈரமாக இருப்பதால் வாயால் சொல்கிறேன், போன் எழுதிக்கொள்கிறது. இந்தக் கதை பிறந்ததே அந்தப் போன் செய்த கோளாறால்தான். போனைச் சொல்லிக் குற்றமில்லை. என் நாக்கில் ளகரமும் ழகரமும் ஒரே சத்தம்.

“நான்” என்று எழுதினால் புலம்பலாகிவிடுகிறது. ஆகவே இனி “அவன்”.

2

முதல் தொடக்கம்: மனித மனத்தின் ஆழங்களைத் தேடிப் புறப்பட்ட ஓர் இளைஞன்... (வேண்டாம். அக்கா சிரிப்பாள்.)

இரண்டாம் தொடக்கம்: கணக்கு என்றாலே அவனுக்கு... (இயந்திரம் நின்றுவிட்டது. துணியை எடுக்க வேண்டும்.)

மூன்றாவது, நடந்தது: “உளவியல் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கிறேன்” என்று குடும்பக் குழுவுக்குச் சொன்னான். போன் “உழவியல்” என்று எழுதி அனுப்பிவிட்டது.

தையல்காரரான அப்பா உடனே கூப்பிட்டார்.

“விவசாயப் படிப்பாடா? நல்லது. அதுல கணக்கு வராதுல்ல?”

பின்னாலிருந்து அம்மாவின் குரல். “கணக்கைப் பத்திக் கேக்காதீங்க. அவனுக்குச் சோறு எறங்காது.”

அவன் திருத்தவில்லை. வீட்டில் எல்லாரும் நிம்மதியாக இருந்தார்கள்.

(அடிக்குறிப்பு: உழவியலிலும் கணக்கு உண்டு. யாரும் வீட்டில் சொல்லிவிட வேண்டாம்.)

3

சந்தேகம் வந்தது அக்காவுக்குத்தான்.

“டேய், தொட்டியில வச்ச ஒத்தைச் செடியக் காயவிட்டவன் நீ. உழவியலா, உளவியலா? வாயத் திறந்து சொல்லு.”

“நீ ரெண்டாவதா சொன்னது. அதுலயும் கணக்கு வருதுக்கா, அதான் பயம்.”

“மனசைப் படிக்கக் கணக்கு எதுக்கு? ஏன் இப்படிப் பயந்து சாகுற?”

“புள்ளியியல் வேணும்க்கா. பத்துப் பேருக்குத் தூக்கம் வரலன்னா, காரணம் கவலையா, பக்கத்து வீட்டு நாயான்னு பிரிச்சுச் சொல்லணும்ல.”

“நாயை ஒரு நாள் வேற எங்கயாவது கட்டிட்டுப் பாரு.”

(இவள் விண்ணப்பித்தால் உடனே எடுத்துக்கொள்வார்கள்.)

அன்று சாயங்காலமே விஷயத்தை அப்பாவிடம் போட்டு உடைத்துவிட்டாள்.

4

சிக்கல் இதுதான். அவன் கல்லூரியில் கணக்கில் ஒருமுறை தோற்று, மறுமுறை தட்டுத் தடுமாறித் தேறியவன். மதிப்பெண் ஏன் குறைந்தது என்று விளக்க விண்ணப்பத்தில் ஒரு பத்திக்கு இடம் விட்டிருக்கிறார்கள். நாளையோடு கெடு முடிகிறது. இந்த முறை இடம் கிடைக்காவிட்டால் விசாவும் முடிந்துவிடும், ஊர் திரும்ப வேண்டியதுதான் முற்றுப்புள்ளி (புள்ளி வைக்கச் சொன்னால் போன் அந்தச் சொல்லையே எழுதிவிடுகிறது. இருக்கட்டும்.)

“காய்ச்சல்னு எழுதுடா” என்றார் அப்பா. “இப்ப யாரு வந்து தொட்டுப் பாக்கப் போறா?”

“ரெண்டு தடவையும் காய்ச்சலாப்பா?”

“ஒரு தடவை காய்ச்சல், ஒரு தடவை வயித்துவலி. பொய்யைக்கூட அளவெடுத்துத் தைக்கணும்.”

5

முடிவு அ: காய்ச்சல் என்று எழுதுகிறான். இடம் கிடைக்கிறது. முதல் வகுப்பில் ஒன்றும் புரியவில்லை, கேட்கவும் வழியில்லை. காய்ச்சலால் மட்டும் தோற்றவனுக்குப் பாடம் தெரிந்திருக்க வேண்டுமே.

முடிவு ஆ: காலியாக விடுகிறான். அவர்களே ஒரு காரணத்தை நினைத்துக்கொள்கிறார்கள். அது நல்லதாக இருக்கப் போவதில்லை.

முடிவு இ: உள்ளதை எழுதுகிறான். அவர்கள் அதைப் படித்துவிட்டு... (இதற்கு மேல் என்னால் கற்பனை செய்ய முடியவில்லை.)

பத்தி மட்டும் தயார். அதற்கு “அவன்” ஒத்துவரவில்லை:

“எனக்குக் கணக்குப் புரியவில்லை. புரியவில்லை என்று சொல்லக் கூச்சப்பட்டுத் தலையாட்டிக்கொண்டே இருந்தேன். இப்போது மாலை வகுப்பில் புள்ளியியல் படிக்கிறேன். புரியாதபோது கை தூக்கி, மறுபடி சொல்லுங்கள் என்கிறேன். எல்லாரும் திரும்பிப் பார்க்கிறார்கள். மறுபடி சொல்லும்போது அவர்களில் சிலரும் எழுதிக்கொள்கிறார்கள்.”

இன்னும் அனுப்பவில்லை. படிக்கிறவர் யாராக இருந்தாலும் ஒரு வேண்டுகோள். ஆள் எடுப்பது நீங்கள்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பத்தியைப் பார்த்தபின் என்னை உள்ளே விடுவீர்களா, மாட்டீர்களா? அதை மட்டும் சொல்லுங்கள். ஆறுதல் வேண்டாம்.